கன்னியாகுமரிக்குத் தெற்கே: கெர்கெலன் தீவுகளின் வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அட்லஸில் இந்தியப் பெருங்கடல் பக்கத்தைத் திறந்தால், அடியில், பெயர் எழுதவே இடமில்லாத சில புள்ளிகள் தெரியும். கெர்கெலன், குரோசே, ஹேர்ட், ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால். இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அங்கே யாரும் இல்லையே, அதற்கு என்ன வரலாறு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பல வருடங்களாக இந்தத் தீவுகளைத் தேடித் தேடி வாசித்துவருகிறேன். வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் கெர்கெலனைப் பற்றித்தான். தேவையான இடத்தில் பக்கத்துத் தீவுகளும் வரும்.

கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே போனால் அண்டார்டிக்காதானே வரும்?

அதற்கு முன் ஒரு தீவு வரும். கன்னியாகுமரி இருப்பது ஏறத்தாழ கிழக்கு 77 பாகை 33 கலையில். அதே கோட்டைப் பிடித்துத் தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டர் போனால் ஆம்ஸ்டர்டாம் தீவு. அதுவும் அதே 77 பாகை 33 கலை. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் அதன் பக்கத்திலுள்ள செயின்ட் பாலுக்கும் தெற்கே, சற்று மேற்கில் ஒதுங்கி, கெர்கெலன் இருக்கிறது. அதற்கும் தெற்கே ஹேர்ட். அப்புறம் பனிக்கட்டிதான்.

துணை அண்டார்டிக் தீவுகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள கடலில் குளிர்ந்த நீரும் அதைவிட வெப்பமான வடக்கு நீரும் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவை இவை. தெற்கு ஜார்ஜியா, மரியன், குரோசே, கெர்கெலன், ஹேர்ட், மக்குவாரி ஆகியவை முக்கியமானவை. ஆம்ஸ்டர்டாமும் செயின்ட் பாலும் கறாராகப் பார்த்தால் இந்தப் பட்டியலில் சேராது. கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் மிதமான வானிலையில் இருக்கின்றன. ஆனால் நிர்வாகத்திலும் வரலாற்றிலும் கெர்கெலனோடு பிணைந்தவை.

இந்தத் தீவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது காற்று. 'கர்ஜிக்கும் நாற்பதுகள்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே மேலைக்காற்று. உலகத்தைச் சுற்றி ஓடிவரும் அந்தக் காற்றைத் தடுக்க வழியில் நிலம் அனேகமாக இல்லை. கெர்கெலனின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சிறிய இடமும் அல்ல. 300 சிறு தீவுகளையும் சேர்த்து 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மிக உயர்ந்த ரோஸ் சிகரம் 1,850 மீட்டர்.

அங்கே பூர்வகுடிகள் யாராவது இருந்தார்களா?

இல்லை. 1772-க்கு முன் கெர்கெலனில் மனிதர் வாழ்ந்த தடயமே இல்லை.

கெர்கெலன் என்பது யாருடைய பெயர்?

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இவ்-ஜோசஃப் தெ கெர்கெலன்-திரெமாரெக் என்பவருடைய பெயர். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: தெற்கே வளமான ஒரு மாபெரும் கண்டம் இருக்கிறது, அதை முதலில் கண்டுபிடிக்கிற நாட்டுக்கு அதிர்ஷ்டம். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி அதைத் தேடத்தான் இவரை அனுப்பினார். மொரீஷியஸிலிருந்து, அப்போதைய பெயர் பிரான்ஸ் தீவு, 1772 ஜனவரியில் இரண்டு கப்பல்களோடு கிளம்பினார். பிப்ரவரி 12-ஆம் தேதி மூடுபனிக்கு நடுவே நிலம் தெரிந்தது.

கரையிறங்கியவர் கெர்கெலன் அல்ல. கூட வந்த 'குரோ வாந்தர்' என்ற கப்பலின் படகு ஒன்று எப்படியோ கரை சேர்ந்தது. அந்தக் கப்பலின் அதிகாரி ஒருவர் மன்னர் பெயரால் தீவை உரிமை கோரிவிட்டுத் திரும்பினார். அதற்குள் காற்றும் மூடுபனியும் இரண்டு கப்பல்களையும் பிரித்துவிட்டன. கெர்கெலன் கூட்டாளிக் கப்பலுக்காகக் காத்திருக்காமல் மொரீஷியஸுக்குத் திரும்பி, அங்கிருந்து பிரான்ஸுக்கும் போய்விட்டார். குரோ வாந்தரின் தலைவர் செயின்ட் அலுவார்ன் என்பவரோ, சந்திப்பதாகப் பேசிக்கொண்டபடியே கிழக்கே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைவரை போனார். மார்ச் 30-ஆம் தேதி அங்கே ஒரு தீவில் பிரெஞ்சு உரிமையை அறிவித்தார். மொரீஷியஸுக்குத் திரும்பி வந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் இவர். தீவுக்குக் கிடைத்ததோ இன்னொருவரின் பெயர். எனக்கு இது இன்றும் மனசு ஆறாத விஷயம்.

கெர்கெலன் மன்னரிடம் பொய் சொன்னாரா?

காணாததைக் கண்டதாகச் சொன்னார். கண்டுபிடித்த இடத்துக்கு 'தென் பிரான்ஸ்' என்று பெயர் வைத்து, அங்கே பயிர் விளையும், மரமும் கனிமமும் கிடைக்கும் என்று அறிக்கை கொடுத்தார். மன்னர் மகிழ்ந்துபோய்ப் பதவி உயர்வு கொடுத்தார். 1773-இல் இன்னும் பெரிய இரண்டாவது பயணத்துக்கும் ஏற்பாடானது.

இந்தத் தடவை உண்மை தெரிந்துவிட்டது. 1774 ஜனவரி 6-ஆம் தேதி 'உவாஸோ' கப்பலைச் சேர்ந்தவர்கள் கரையிறங்கினார்கள். பாசியும் பாறையும்தான் இருந்தன. இரண்டாவது பயணத்திலும் கெர்கெலன் அந்தத் தீவில் கால் வைக்கவில்லை. ஊர் திரும்பியதும் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. ஓர் இளம்பெண்ணைக் கப்பலில் ஒளித்துக் கூட்டிப்போனதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பதவி பறிபோய்ச் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

கேப்டன் குக் அங்கே போனாரா?

போனார், 1776 கிறிஸ்துமஸ் சமயத்தில். அது அந்தப் பிரிட்டிஷ் கடலோடியின் மூன்றாவது, கடைசிப் பயணம். தீவின் வடமுனையில் உள்ள ஒரு குடாவில் நங்கூரமிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் கிறிஸ்துமஸ் துறைமுகம். மாலுமிகள் கரையைச் சுற்றிவிட்டு வரும்போது ஒருவர் கையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. பாறையில் கம்பியால் கட்டி வைத்திருந்தார்களாம். உள்ளே ஒரு தோல்சுருள். லத்தீனில் பதினைந்தாம் லூயியின் பெயரும் அவருடைய கடற்படை அமைச்சர் பெயரும் 1772, 1773 என்ற ஆண்டுகளும்.

குக் அதைக் கிழித்துப் போடவில்லை. அதே தோலின் பின்பக்கத்தில் தன் இரு கப்பல்களின் பெயரையும் 1776 டிசம்பர் என்ற தேதியையும் எழுதினார். கூடவே இரண்டு பென்னி வெள்ளிக்காசு ஒன்றையும் போட்டு மூடி, ஒரு கற்குவியலில் வைத்தார். இத்தனைக்கும் பிரான்ஸும் பிரிட்டனும் பகை நாடுகள். ஆளில்லாத கரையில் இப்படி ஒருவருக்கொருவர் கடிதம் விட்டுப்போகிற பழக்கம் இந்தத் தீவுகளின் கதையில் மறுபடியும் வரும்.

குக்குக்கு இடம் பிடிக்கவில்லை. கெர்கெலன் பெயரை வைக்காவிட்டால் 'பாழ்த்தீவு' என்றே இதை அழைத்திருப்பேன் என்று குறித்துவைத்தார். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆங்கில மாலுமிகள் நூறு வருடம் இதைப் பாழ்த்தீவு என்றே சொல்லிவந்தார்கள்.

கெர்கெலன் முட்டைக்கோஸ் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. தீவின் வரலாற்றையே இந்தச் செடி வழியாகச் சொல்லிவிடலாம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குக்கின் கப்பலில் இருந்த மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன் முதலில் இதைக் கவனித்தார். தடித்த தண்டு தரையோடு படர்ந்து கிடக்கும்; அதன் நுனியில் நம்மூர் முட்டைக்கோஸை இன்னும் இறுக்கம் தளர்த்தி விரித்து வைத்தாற்போல இலைகள். இலைகளின் இடுக்கிலிருந்து பூங்கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். கடித்தால் கடுகுக் காரம். கடுகுக் குடும்பத்துச் செடிதான் இது. 'பிரிங்லியா ஆண்டிஸ்கார்புட்டிகா' என்பது அறிவியல் பெயர். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அப்போதைய தலைவர் ஜான் பிரிங்கிளின் நினைவாக முதல் பாதி, 'ஸ்கர்வியை எதிர்ப்பது' என்ற பொருளில் மறு பாதி. மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டும் தின்று, வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிப் பல் ஆடிப்போய் வந்த மாலுமிகளுக்கு இது உயிர். 1840-இல் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் ரோஸின் கப்பல்கள் இங்கே இரண்டு மாதத்துக்கும் மேல் தங்கியபோது மாலுமிகள் இதைத் தினமும் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தக் கப்பலில் வந்த இளம் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் இந்தச் செடியை விரிவாக வர்ணித்திருக்கிறார். பிற்காலத்தில் லண்டன் கியூ பூங்காவுக்குத் தலைவரானவர் அவர்தான்.

கடுகுக் குடும்பத்துப் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் பூச்சிகள். கெர்கெலனில் பூவைத் தேடிப் பறக்கும் பூச்சி கிடையாது. பறந்தால் காற்று கடலில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். ஆகவே இந்தச் செடி காற்றையே தூதாக வைத்துக்கொண்டது. பூச்சிகளோ இறக்கையைத் துறந்துவிட்டன. முட்டைக்கோஸின் இலைக்கணுவை மெல்ல விரித்தால், உள்ளே ஈரத்தில், எறும்புபோல நடந்து திரியும் ஒரு சின்ன ஈ இருக்கும். ஈதான், ஆனால் பறக்க இறக்கை இல்லை. அதே தீவில் இறக்கை சுருங்கிப்போன அந்துப்பூச்சி ஒன்றும் உண்டு. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வுக்குப் புத்தகத்தில் தேடுகிற உதாரணம், இங்கே ஒரு கீரைக்குள்ளேயே குடியிருக்கிறது.

அங்கே வந்து என்ன செய்தார்கள், அதுதான் ஒன்றும் விளையாதே?

சீல் எனப்படும் கடல்நாய்களைக் கொன்றார்கள். குக்கின் பயணக் குறிப்புகள் வெளியானதும், அந்தக் கரைகளில் சீல்கள் மொய்த்துக் கிடக்கின்றன என்ற செய்தி அமெரிக்கா, பிரிட்டன் வணிகர்களை எட்டியது. 1790-களில் அமெரிக்காவின் நான்டுக்கெட் கப்பல்கள் வந்துவிட்டன. முதலில் தோலுக்காக மென்மயிர் சீல்கள். சில பத்தாண்டுகளில் அவை கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டன. அடுத்தது கொழுப்புக்காக யானை சீல்கள். ஆண் யானை சீல் 3 டன்னுக்கும் மேலே எடை வரும். கரையில் மனிதரைப் பார்த்து ஓடத் தெரியாது, காரணம் மனிதரையே அது பார்த்ததில்லை.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பைப் பாளம் பாளமாக அறுத்து, கரையிலேயே அடுப்பு மூட்டி, பெரிய இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். விறகு கிடையாது. எண்ணெய் வடிந்தபின் மிஞ்சும் சக்கையையே அடுப்பில் போட்டு எரிப்பார்கள். அதாவது அந்த மிருகத்தைக் காய்ச்ச அந்த மிருகமே விறகு. அந்த எண்ணெய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளக்கெரித்தது, யந்திரங்களுக்கு மசகானது. 1853-இல் கண்ணில் பட்ட ஹேர்ட் தீவில் மட்டும், 1855-இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுத்தார்கள். கொப்பரைகளும் பீப்பாய்த் துண்டுகளும் பல கரைகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

இந்த வேலைக்கு வந்தவர்களின் பாடும் சொல்லி மாளாது. கப்பல் இவர்களைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும்; குளிர்காலம் முழுக்கக் கல்லும் தோலும் வைத்துக் கட்டிய குடிசையில் கிடக்கவேண்டும். ஜான் நன் என்ற ஆங்கில மாலுமி 1825-இல் இங்கே கப்பலிழந்து, மூன்று தோழர்களோடு ஆண்டுக்கணக்கில் உயிர் பிழைத்திருந்தார். அவருடைய அனுபவம் 1850-இல் நூலாக வந்தது.

பறவையின் கழுத்தில் செய்தி கட்டி அனுப்பிய கதை உண்மையா?

உண்மை. கெர்கெலனுக்கு மேற்கே உள்ள குரோசே தீவுகளில் நடந்தது. 1887 மார்ச்சில் 'தமாரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அங்கே மோதி உடைந்தது. பதின்மூன்று பேரும் உயிரோடு பன்றித் தீவு எனப்படும் தீவில் ஏறினார்கள். (சீல் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பன்றிகளால் வந்த பெயர்.) ஏழு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று, கப்பலிழந்து வருபவர்களுக்காக அங்கே உணவைச் சேமித்து வைத்துவிட்டுப் போயிருந்தது. அதை வைத்துக் காலம் தள்ளினார்கள்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறினார்கள்: பதின்மூன்று பேர் குரோசே தீவில் ஒதுங்கியிருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்று. அதை ஒரு பெரிய கடற்பறவையின் கழுத்தில் கட்டிப் பறக்கவிட்டார்கள். செப்டம்பரில் அந்தப் பறவை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் கடற்கரையில் செத்து ஒதுங்கியது. கண்டெடுத்தவர்கள் தகரத்தைப் படித்தார்கள். தந்தி பறந்தது. மடகாஸ்கரில் நின்ற 'மெர்த்' என்ற பிரெஞ்சுக் கப்பல் உடனே கிளம்பி டிசம்பரில் பன்றித் தீவை அடைந்தது.

ஆட்கள் இல்லை. ஒரு கடிதம் மட்டும் இருந்தது. உணவு தீர்ந்துவிட்டது, செப்டம்பர் 30 அன்று படகில் பொசெஷன் தீவுக்குக் கிளம்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் குரோசே தீவுகளில் ஒன்றுதான்; இடையில் நூறு கிலோமீட்டர் சொச்சம் திறந்த கடல். பொசெஷன் தீவிலும் தேடினார்கள். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த சுவடே இல்லை. பறவை போய்ச் சேர்ந்துவிட்டது, தகரத்தைப் படித்தாகிவிட்டது, கப்பலும் கிளம்பிவிட்டது. இவ்வளவும் நடந்தது இவர்களுக்குத் தெரியவே இல்லை. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1874-இல் ஏன் மூன்று நாட்டு வானியலாளர்கள் அங்கே கூடினார்கள்?

அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்தது. பூமியில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள இடங்களிலிருந்து அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். தென்கோடியில் நிற்க நிலம் வேண்டும். கெர்கெலன் இருந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி மூன்றும் தனித்தனியே முகாம் போட்டன. பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவர் ஸ்டீஃபன் பெர்ரி என்ற இயேசு சபைப் பாதிரியார். அதே இடைநகர்வைப் பற்றித்தான் இங்கே சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார்.

வந்தவர்கள் சூரியனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்த முயல்கள் தங்கிவிட்டன. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து, கப்பலிழந்து வருபவர்களுக்கு உணவாகட்டும் என்று விட்டார்கள். நல்லெண்ணம்தான். முயல் பெருகியது, முட்டைக்கோஸைத் தின்றது. மாலுமிகள் கூடை கூடையாகப் பறித்த செடி, பெரிய தீவில் முயல் ஏறமுடியாத பாறை முகங்களுக்கும், முயல் இல்லாத குட்டித் தீவுகளுக்கும் ஒதுங்கியது. செடி போனதும் மண் அரித்தது. 1950-களில் மிக்சோமட்டோசிஸ் நோயைப் பரப்பிப் பார்த்தார்கள், முயல் ஒழியவில்லை.

யாராவது குடியேறப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ல ஆவ்ர் நகரத்துப் போசியேர் சகோதரர்கள், ஆன்றியும் ரெனேயும், 1893-இல் பிரெஞ்சு அரசிடம் கெர்கெலனை ஐம்பது ஆண்டு குத்தகைக்கு எடுத்தார்கள். ஃபாக்லாந்து தீவுகள் மாதிரி இதையும் ஆட்டுப் பண்ணையாக்கலாம் என்பது கனவு. 1908-இல் நார்வேக்காரர்கள் இவர்களோடு ஒப்பந்தம் போட்டு ஜான் தார்க் துறைமுகத்தில் திமிங்கல எண்ணெய் ஆலை கட்டினார்கள். கூவ்ரோ துறைமுகத்தில் ஆடுகள் வந்திறங்கின. முதல் உலகப்போரில் பண்ணை கைவிடப்பட்டது. 1927-இல் குடும்பங்களையே கொண்டுவந்து மறுபடி முயன்றார்கள். 1931-இல் அதுவும் முடிந்தது.

அதே போசியேர் நிறுவனம் செயின்ட் பாலில் செய்ததை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. 1928-இல் அங்கே சிங்கி இறால் டப்பாவில் அடைக்கும் ஆலை தொடங்கினார்கள். 1930 மார்ச்சில் பருவம் முடிந்து எல்லாரும் கிளம்பியபோது, இயந்திரங்களைக் காவல் காக்க ஏழு பேரை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒரு பெண் கர்ப்பிணி. சீக்கிரமே கப்பல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. குழந்தை பிறந்தது, சில வாரங்களில் இறந்தது. டப்பா உணவையே தின்று ஒருவர்பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். டிசம்பரில் கப்பல் வந்தபோது மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அடுத்த பருவத்துக்கு மடகாஸ்கரிலிருந்து கூலியாட்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோயால் இறந்தார்கள். 1931-இல் ஆலை மூடப்பட்டது. பிரான்ஸில் 'செயின்ட் பாலில் மறக்கப்பட்டவர்கள்' என்று ஏழு பேரைச் சொல்வார்கள். அந்த மடகாஸ்கர் தொழிலாளர்களின் பெயர்கள் இந்தக் கதையில் யார் வாயிலும் வருவதில்லை. அந்தச் சொல் அவர்களுக்கும்தான் பொருந்தும்.

உலகப்போர் அங்கேயும் போனதா?

போனது. 1940 டிசம்பரில், வணிகக் கப்பல் வேடமிட்டு வேட்டையாடிய ஜெர்மன் போர்க்கப்பல் 'அட்லாண்டிஸ்' பழுது பார்க்கவும் குடிநீர் பிடிக்கவும் கெர்கெலனுக்குள் ஒளிந்தது. நுழையும்போதே பாறையில் மோதி அடிப்பகுதி கிழிந்தது. சரிசெய்து, அருவியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஜனவரியில் கிளம்பினார்கள். கப்பலுக்குச் சாயம் பூசும்போது விழுந்து இறந்த ஒரு மாலுமியின் கல்லறை அங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று வந்து, இனி யாரும் ஒளியக்கூடாது என்று குடாக்களில் கண்ணிவெடிகள் போட்டது.

இந்தியாவுக்கும் கெர்கெலனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, மனித வரலாற்றுக்கு வெகு முன்னால். இந்தியாவும் அண்டார்டிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்து பிரிந்த காலத்தில், பூமிக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பைக் கொட்டிய வெப்பமையம் இங்கே இருக்கிறது. கெர்கெலன் தீவு, கடலுக்கடியில் பரந்து கிடக்கும் ஒரு பெரும் பீடபூமியின் நெற்றி மட்டும்தான். இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, இந்த வெப்பமையம் கடலடியில் ஒரு நெடிய மலைத்தொடரை வரைந்துகொண்டே போனது. கிழக்கு 90 பாகையை ஒட்டி வங்காள விரிகுடாவரை நீளும் அந்தத் தொடருக்குத் தொண்ணூறு கிழக்கு மேடு என்றே பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1998-99-இல் பீடபூமியின் மேற்கு ஓரமான ஏலான் மேட்டில் கப்பலிலிருந்து துளையிட்டபோது, எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நைஸ் பாறைத் துண்டுகள் வந்தன. அது கண்டத்துப் பாறை. இந்தியாவின் கிழக்குப் பகுதிப் பாறைகளோடு ஒத்துப்போகிறது. இந்தியா பிரிந்து போகும்போது உதிர்ந்து தங்கிவிட்ட ஒரு துண்டு.

அங்கிருந்து ராக்கெட் விட்டார்களாமே?

1975-இல். பிரான்ஸும் சோவியத் யூனியனும் சேர்ந்து செய்த சோதனை. கெர்கெலனில் கிளம்பும் பூமியின் காந்தக் கோடு வானில் வளைந்து போய் ரஷ்யாவின் அர்க்காங்கெல்ஸ்க் பகுதியில் இறங்குகிறது. ராக்கெட்டில் ஏற்றிய கருவி அந்தக் கோட்டின்மேல் எலக்ட்ரான்களைச் செலுத்த, மறுமுனையில் ரஷ்யாவில் நின்றவர்கள் செயற்கைத் துருவ ஒளியை ஆராய்ந்தார்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இப்போது தீவு யாருடையது? யார் இருக்கிறார்கள்?

பிரான்ஸுடையது. 1955-இல் இந்தத் தீவுகளைச் சேர்த்துத் தனி நிர்வாகப் பகுதியாக்கினார்கள். தலைமையகம் மொரீஷியஸுக்குப் பக்கத்திலுள்ள ரியூனியன் தீவில். ஹேர்ட் மட்டும் ஆஸ்திரேலியாவின் கையில். 1950 வாக்கில் அமைத்த பிரான்ஸே துறைமுகம்தான் கெர்கெலனின் ஒரே குடியிருப்பு. குளிர்காலத்தில் நாற்பது, ஐம்பது பேர், கோடையில் நூறு பேர்வரை. ஆராய்ச்சியாளர்கள், மருத்துவர், சமையற்காரர், மின்பணியாளர். நிரந்தரக் குடி யாரும் இல்லை, எல்லாரும் முறை வைத்து வந்து போகிறவர்கள்.

நாம் போக முடியுமா?

விமான நிலையம் கிடையாது. 'மரியன் துஃப்ரேன்' என்ற கப்பல் ரியூனியனிலிருந்து வருடத்துக்கு நாலு முறை போல் கிளம்பி குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றிவரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். மிகச் சில பயணிகளுக்கும் இடம் தருகிறார்கள், கட்டணம் பெரிது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் நிறைய வாழும் ஊர் ரியூனியன். அதனால் அந்தக் கப்பல் புறப்படும் துறைமுகத்தைச் சுற்றிக் கோயில் மணி கேட்கும்.

முயல், பூனை இதையெல்லாம் அப்புறப்படுத்த முடியாதா?

சிறிய தீவுகளில் முடிந்திருக்கிறது. கெர்கெலனின் உள்வளைகுடாவில் மூன்று தீவுகளில் 1990-களில் முயலை ஒழித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1871-இல் ஒரு குடியேறி விட்டுப்போன ஐந்து மாடுகள் இரண்டாயிரமாகப் பெருகியிருந்தன. 2010-க்குள் அவற்றை அகற்றிவிட்டார்கள். கெர்கெலனின் பெரிய தீவில் அது லேசான வேலை இல்லை. 1950-களில் எலிக்காகக் கொண்டுவந்த பூனைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, பொந்தில் குஞ்சு பொரிக்கும் பெட்ரல் பறவைகளைத் தின்கின்றன. அதே காலத்தில் வந்த கலைமான்களும் இருக்கின்றன. இத்தனையும் இருக்க, 2019-இல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

முட்டைக்கோஸ் செடி இன்னும் இருக்கிறது. முயல் எட்டாத பாறைமேல், குட்டித் தீவுகளில். இலையை விரித்தால் உள்ளே அந்த இறக்கையில்லாத ஈயும் இருக்கிறது.